நேற்றுவரை நன்றாக இருந்த மீனுக்கு இன்று என்ன ஆச்சு?

கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்ட என் கடல்மீன் தொட்டிக்குள் கைவிட்டேன். விரல் நுனியில் நறுக்கென்று ஒரு கடி. கையை எடுப்பதற்குள் இன்னொன்று. கடித்தது என் பெண் கோமாளி மீன், இரண்டு வருடமாக என் விரலிலிருந்தே தீனி வாங்கித் தின்றது. ஏதோ நோய்தான் என்று முடிவுகட்டி மருந்து டப்பாவைத் திறந்தேவிட்டேன். நல்லவேளை, ஆண் மீன் பாறையின் ஒரு மூலையை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தது கண்ணில் பட்டது. மறுநாள் அந்த இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள். அந்த இடத்தைக் காக்கத்தான் கடித்திருக்கிறது.

அன்றிலிருந்து, மீனின் குணம் மாறினால் முதல் பத்து நிமிடம் தொட்டிக்குள் எதையும் ஊற்றுவதில்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். பார்க்க வேண்டிய முதல் விஷயம்: மாறியிருப்பது ஒரு மீனா, எல்லா மீன்களுமா?

எல்லாமே மாறியிருந்தால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். ஒரு விடிகாலையில் என் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஸ்கிம்மரின் (காற்றுக்குமிழியால் கழிவைப் பிரிக்கும் கருவி) காற்றுக்குழாயை உப்பு படிந்து அடைத்திருந்தது, அவ்வளவுதான். கடல்நீரில் நன்னீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் குறைவாகவே கரையும். இரவில் பாசியும் அதை உறிஞ்சுவதால் விடியும் நேரத்தில்தான் தட்டுப்பாடு அதிகம். இப்படிக் கண்டால் பவர்ஹெட்டை (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் சின்ன மோட்டார்) மேல்நோக்கித் திருப்பி, நீர்ப்பரப்பு நன்றாக அலையடிக்கும்படி வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்து வெப்பநிலை, உப்பு, அம்மோனியா, இதே வரிசையில். வெப்பநிலை 25, 26 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டும்; அணையாமல் மாட்டிக்கொண்ட ஹீட்டர் ஒரே இரவில் தொட்டியைக் காலிசெய்துவிடும். உப்பின் அளவு, ஒப்படர்த்திக் கணக்கில், 1.025. அளக்கும் முன் ரிஃப்ராக்டோமீட்டரை (உப்பை அளக்கும் கருவி) அதற்கான கரைசலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உப்பு குறைந்திருந்தால் பதறி உடனே ஏற்றாதீர்கள், இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். உப்பு இறங்குவதை மீன் ஓரளவு தாங்கும், சட்டென்று ஏறுவதைத் தாங்காது. அம்மோனியா பூஜ்யம்தான் இருக்க வேண்டும். துளி தெரிந்தாலும், அதே உப்பும் அதே சூடும் உள்ள தண்ணீரை மாற்றிவிட்டு, பாறைக்குப் பின்னால் செத்த நத்தை எதுவும் கிடக்கிறதா என்று தேடுங்கள். வீட்டில் யாராவது பூச்சிமருந்து அடித்தார்களா, பெயின்ட் பூசினார்களா என்றும் கேளுங்கள். ஆம் என்றால் நச்சை உறிஞ்சும் கார்பன் பை புதிதாக ஒன்றைப் போட்டு, தண்ணீரையும் மாற்றுங்கள்.

ஒரு மீன் மட்டும் மாறியிருந்தால் செவுளைப் பாருங்கள். 15 விநாடியில் எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். மீன் நலமாக இருக்கும் நாளிலேயே எண்ணி எழுதிவைத்திருந்தால்தான் இந்தக் கணக்குக்கு அர்த்தம். பாறையில் உடம்பை உரசி, ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகளும் இருந்தால் அது வெண்புள்ளி நோய். சில நாளில் புள்ளிகள் உதிர்ந்துவிடும், குணமாகிவிட்டது என்று நாமும் நிம்மதியாகிவிடுவோம். ஒட்டுண்ணியோ மணலில் உட்கார்ந்து பெருகிக்கொண்டிருக்கும்.

அதைவிட நான் பயப்படுவது வெல்வெட் நோய்க்கு. என் டேங் (tang) வகை மீன் ஒன்று விளக்கு போட்டதும் ஒளிந்துகொண்டது, மற்ற நேரமெல்லாம் பவர்ஹெட் நீரோட்டத்தில் முகத்தைக் கொடுத்தபடி நின்றது. விளையாடுகிறது என்று நினைத்துவிட்டேன். மூன்றாம் நாள் செத்தது. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் மாவு பூசியதுபோன்ற மெல்லிய படலம் தெரிந்திருக்கும்.

இந்த இரண்டு நோய்களில் எதுவானாலும் எல்லா மீன்களையும் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் காப்பர் மருந்து கொடுக்க வேண்டும், டெஸ்ட் கிட்டால் அளவைப் பார்த்துக்கொண்டே. பெரிய தொட்டியில் அதை ஊற்றினால் இறால், நத்தை, பவளம் எல்லாம் போய்விடும். பாறையும் காப்பரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஒட்டுண்ணி பட்டினியில் சாகும்வரை பெரிய தொட்டியில் மீனே இருக்கக் கூடாது. வளர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு 76 நாள்.

சில மாற்றங்களுக்கு எதுவுமே செய்ய வேண்டாம். ராயல் கிராமா என்ற மீன் பாறைக்கு அடியில் தலைகீழாக நீந்தும். புதிதாக வந்த ராஸ் (wrasse) மீன் மணலுக்குள் புதைந்து ஓரிரு நாள் காணாமல் போகும். மஞ்சள் டேங் இரவில் வெளிறித் தெரியும்.

துடுப்பு கிழிந்து மூலையில் ஒடுங்கியிருக்கும் மீனுக்கு மருந்து தேவையில்லை, அதை அடிக்கும் மீனைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் பழைய டேங் புதிதாக வந்ததை விரட்டியபோது, தொட்டியின் வெளிப்பக்கம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தேன். மூன்று நாள் தன் பிம்பத்தோடே சண்டை போட்டது. புதியது அதற்குள் வெளியே வந்து தீனி தின்னப் பழகிவிட்டது.