விட்ச் ஹேசலில் சிவப்புப் பூ குறைந்த கதை

என் தோட்டத்து விட்ச் ஹேசல் பூம்புதரில் பூ குறைந்த சிக்கல் ஒருவழியாகத் தீர்ந்தது. 'டயான்' வகை விட்ச் ஹேசல் குளிர்காலக் கடைசியில் இலையில்லாத கிளைகளில் செந்நிறப் பூ விடும். வைத்த புதிதில் அப்படித்தான் பூத்தது. அப்புறம் வருடா வருடம் பூ குறைந்து, புதர் மட்டும் செழித்தது.

மண்ணைச் சோதித்தேன், அது விரும்பும் லேசான அமில மண்தான். கோடையில் தண்ணீர் கூட்டி இலைமக்கு போட்டேன். தழைதான் பெருகியது. நிழல் தந்த பக்கத்து மரக்கிளைகளைக் கழித்தும் பயனில்லை.

துப்பு கிடைத்தது இலையுதிர்காலத்தில். சில தண்டுகளில் மட்டும் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள்! அந்தப் பருவத்தில் பூப்பது வட அமெரிக்க விட்ச் ஹேசல் வகையான ஹமாமெலிஸ் வர்ஜினியானா. 'டயான்' போன்ற கலப்பினங்களைப் பெரும்பாலும் அதன் வேர்ச்செடியில்தான், அதாவது வேரும் அடித்தண்டும் தரும் செடியில்தான், ஒட்டுக்கட்டுகிறார்கள். இலை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால் கோடை முழுக்கப் பார்த்தாலும் வித்தியாசம் பிடிபடாது.

அடிமண்ணை விலக்கினால், மஞ்சள் பூத் தண்டுகள் எல்லாமே ஒட்டு வீக்கத்துக்கு (இரண்டு செடியும் இணைந்த இடத்துப் புடைப்பு) கீழே, வேர்ச்செடியிலிருந்து கிளம்பியிருந்தன. செழித்தது அவைதான், 'டயான்' அல்ல. தரைமட்டத்தில் வெட்டுவது வீண்; மிஞ்சிய கட்டையிலிருந்து இன்னும் அதிகமாகத் துளிர்க்கும். இளம் தண்டுகளைக் கிளம்பிய இடத்தோடு பிய்த்தெடுத்தேன். தடித்தவற்றைக் கூரிய கத்தியால் ஒட்ட அறுத்தேன். கோடையில் மறுபடி தலைகாட்டியவற்றைப் பிஞ்சிலேயே கிள்ளினேன்.

அடுத்த குளிர்காலத்திலேயே மேல்கிளைகளில் சிவப்பு திரும்பியது. ஒட்டு வீக்கத்தை இப்போது மண்ணால் மூடுவதில்லை; புதுத் தளிர் வந்தால் உடனே கண்ணில் படுகிறது.