கல் தரையில் பெயின்ட் கொட்டிவிட்டதா? ஆசிட் பாட்டிலைத் தொடாதீர்கள்

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு எங்கள் வீட்டுக் கேட்டுக்குப் பச்சை எனாமல் (எண்ணெய்ப் பெயின்ட்) அடிக்கும்போது டப்பா சரிந்து, வாசலில் பதித்த கடப்பா கல்லில் ஒரு முறம் அகலத்துக்குப் பெயின்ட் பரவியது. கூட நின்றவர் ஒருவர், "ஆசிட் ஊற்றினால் ஒரு நிமிட வேலை" என்றார். ஊற்றினோம். கல் புஸ்ஸென்று நுரைத்தது. நுரை அடங்கியபோது பச்சை அப்படியே இருந்தது. அதைச் சுற்றியிருந்த கறுப்புதான் வெளுத்து, தொட்டால் சொரசொரப்பாகியிருந்தது. அந்தத் தழும்பு இன்றும் போகவில்லை.

கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை. கழிவறை கழுவும் ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது கல்லில் உள்ள சுண்ணாம்பைக் கரைக்கும். எனாமலை அவ்வளவாகத் தொடாது. தாண்டூர் கல், ஷாபாத் கல், மார்பிள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். எலுமிச்சையும் வினிகரும்கூட மெருகைக் கெடுக்கும். கிரானைட் ஓரளவு தாங்கும், ஆனால் இடுக்கில் பூசிய சிமென்ட் தாங்காது. ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவுவது இன்னும் மோசம். குளோரின் வாயு கிளம்பி மூச்சையே அடைத்துவிடும்.

பெயின்ட் சிந்தியதும் பலரும் பழந்துணியை எடுத்துத் துடைக்கிறார்கள். கையகலக் கறை கல் முழுக்கப் பரவுவது அப்போதுதான். முதலில் மரத்தூளையோ உலர்ந்த மணலையோ கொட்டுங்கள். அது உறிஞ்சியதும், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அட்டையால் வழித்து அள்ளுங்கள். தண்ணீர் கலந்து சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் என்றால், காய்வதற்குள் சோப்புத் தண்ணீரும் நைலான் பிரஷும் போதும். வெயில் அடிக்கும் இடமானால் உடனே ஈரச் சாக்கைப் போட்டு மூடுங்கள். கொஞ்சம் நேரம் கிடைக்கும். எடுத்த எடுப்பில் தண்ணீரைப் பீய்ச்சினால் நீர்த்த பெயின்ட் இடுக்குகளில் இறங்கிவிடும்.

எனாமலுக்குத் தண்ணீர் உதவாது, டர்பென்டைன் வேண்டும். அதையும் கல்லின் மேல் ஊற்றக் கூடாது. மெருகு போடாத கல்லில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. ஊற்றினால் கரைந்த நிறம் அவற்றுக்குள் இறங்கி, மேலே சுத்தமானது போலத் தெரிந்தாலும் உலர்ந்தபின் நிழலாகத் தங்கும். துணியில் தொட்டு, ஒற்றி எடுங்கள். நிறம் ஏறிய துணியால் மறுபடி ஒற்றாதீர்கள்.

உள்ளே இறங்கிய கறைக்குப் பற்றுப் போடுவதுதான் வழி. சாக்குக்கட்டிப் பொடியை டர்பென்டைனில் இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்து, கறையின் மேல் விரல் கனத்துக்கு அப்பி, பாலிதீன் தாளால் மூடி ஓரங்களை ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் கழித்துத் தாளை எடுத்து நன்றாக உலரவிடுங்கள். உலரும்போதுதான் பொடி கறையை மேலே இழுக்கும்; ஈரத்தோடு வழித்துவிட்டால் பட்ட பாடு வீண். ஒரே முறையில் போகாது, இரண்டு மூன்று முறை போட வேண்டியிருக்கும். முதலில் யார் கண்ணிலும் படாத மூலையில் போட்டுப் பாருங்கள்.

கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். கீறல் ஒருபுறம் இருக்க, கல்லில் சிக்கிய இரும்புத் துணுக்குகள் முதல் மழையிலேயே துருக்கறையாக மாறும். காய்ந்த பெயின்ட்டைப் பிளாஸ்டிக் தகட்டால் நெம்புங்கள். பழைய வீட்டுப் பெயின்ட் என்றால் உரசித் தூளாக்காதீர்கள்: இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தை 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்குள் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அந்தத் தூசி விஷம்.

டர்பென்டைன் புழங்கும் இடத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. எனாமல் ஊறிய துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள்; தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெட்டவெளியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிட்ட பிறகே குப்பையில் சேருங்கள்.