போர் தண்ணீரில் ஆர்சனிக் அளக்க: அந்த முக்கால் மணி நேரம்

மானூர்ப் பக்கம் போர்வெல் தண்ணீர் எடுத்து ஆர்சனிக் பார்க்கப் போகிறீர்களா? ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த ஆர்சனிக் கரைசல்) நீர்ப்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். குடிநீருக்கு வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஆர்சனிக் ஒளியை உறிஞ்சும் 193.7 நானோமீட்டரில் சுடரே ஒளியை விழுங்கும் என்பதால், மாதிரியைச் சுடரில் தெளித்து அளக்கும் சாதாரண ஃபிளேம் முறையில் இவ்வளவு குறைவாக அளக்க முடியாது, ஆர்சனிக்கை ஆர்சீன் வாயுவாக்கிச் சூடான குவார்ட்ஸ் குழாயில் அளக்கும் ஹைட்ரைடு முறைதான் வழி.

பம்பு கொஞ்ச நேரம் ஓடியபின் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, அங்கேயே ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இரும்பு செம்மண் நிறத்தில் அடியில் படியும், ஆர்சனிக்கும் அதோடு போய்விடும்.

லேபில் 10 மில்லி ஃபிளாஸ்கில் மாதிரியோடு 1 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக், பிறகு பொட்டாசியம் அயோடைடும் அஸ்கார்பிக் அமிலமும் தலா 5% உள்ள கரைசல் 1 மில்லி. அப்புறம் 45 நிமிடம் அப்படியே வையுங்கள்.

நான் சறுக்கியது இங்கேதான். ஐந்தே நிமிடத்தில் ஓட்டினேன். ஸ்டாண்டர்டுகளின் அளவுக்கோடு அழகாக நேராக வந்தது, ஸ்பைக்கும் (மாதிரியில் சரிபார்க்க நானே சேர்த்த ஆர்சனிக்) முழுசாகத் திரும்பக் கிடைத்தது, ஆனால் மாதிரியின் அளவு மட்டும் குறைவு. என் ஸ்டாண்டர்டும் ஸ்பைக்கும் மூன்று இணைதிறன் ஆர்சனிக், தண்ணீரில் இருந்ததில் பெரும்பகுதி ஐந்து. அது மூன்றாக இறங்காமல் ஆர்சீன் வாயு சரியாகக் கிளம்பாது; அயோடைடு அதை இறக்கத்தான் அந்த 45 நிமிடம். அதனால் ஸ்பைக் போடும்போது ஐந்து இணைதிறன் ஆர்சனிக்கைப் போட்டுப் பாருங்கள், அதுதான் குட்டை உடைக்கும்.

ஆர்சீனைக் கிளப்பும் சோடியம் போரோஹைட்ரைடை சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து அன்றன்றைக்கே தயார் செய்யுங்கள், நேற்றைய கரைசல் வேண்டவே வேண்டாம். குவார்ட்ஸ் குழாய் 900 டிகிரி வரை சூடாகட்டும். விளக்கில் எனக்கு வழக்கமான ஹாலோ கேதோடு விளக்கைவிட ஈடிஎல் (மின்முனை இல்லாத விளக்கு)தான் பிடிக்கும், வெளிச்சம் பலமாக இருப்பதால் இரைச்சல் குறைவு. ஆர்சீன் கடும் விஷம், புகைபோக்கி ஓடாமல் கருவியைத் தொடாதீர்கள். பிளாங்க் (மாதிரி இல்லாத வெறும் கரைசல்) தூக்கலாக வந்தால் முதலில் அமிலப் பாட்டிலைச் சந்தேகப்படுங்கள்.

பின்சேர்க்கை: சேரன்மகாதேவியிலிருந்து ஒரு தங்கச்சி, அரிசியை நைட்ரிக்கில் செரித்தபின் அயோடைடு விட்டதும் கரைசல் பழுப்பாகிவிட்டது என்று கேட்டிருந்தார். மிச்ச நைட்ரிக் அயோடைடை அயோடினாக மாற்றிவிடுகிறதும்மா. அயோடைடு விடுவதற்கு முன்பே சூடேற்றி நைட்ரிக்கை ஓட்டிவிடுங்கள், ஆனால் முழுக்கக் காய விடாதீர்கள்.