ஜூரில உக்காந்துட்டு கூகுள் பண்ணாதீங்க, நல்ல மனசோட செய்யற தப்புகள்

சில நாடுகள்ல வழக்க கேட்டு, குற்றவாளியா இல்லையான்னு முடிவு பண்ண பொதுமக்கள்ல சில பேர கோர்ட்டுக்கு கூப்பிடுவாங்க, அந்த குழுதான் ஜூரி. ஜூரி டூட்டிக்கு போனா முதல் நாளே ஜட்ஜ் சொல்லிடுவாங்க, இந்த கேஸ் பத்தி நெட்ல எதையும் தேடக்கூடாதுன்னு. எல்லாரும் தலையாட்டிட்டு வருவாங்க, அன்னிக்கு ராத்திரியே சில பேருக்கு கை பரபரன்னு இருக்கும். இவங்க யாரும் கெட்டவங்க இல்லங்க, ஒருத்தரோட வாழ்க்கை நம்ம கையில இருக்கே, சரியா முடிவு பண்ணணுமேங்கற பயத்துலதான் தேடறாங்க.

பெரிய தப்பே இந்த நினைப்புதான்: "கிடைக்கறது உண்மையா இருந்தா தேடினதுல என்ன தப்பு?" கோர்ட்ல ஒரு சாட்சி வந்து பேசினா எதிர்தரப்பு வக்கீல் எழுந்து குறுக்கு விசாரணை பண்ணுவாரு, தேதி தப்பு, ஆள் மாறிப்போச்சுன்னு மடக்குவாரு. உங்க போன்ல வந்த செய்திய யாரு குறுக்கு விசாரணை பண்றது? அப்படி ஒண்ணு உங்க மனசுல இருக்குன்னே குற்றம் சாட்டப்பட்டவருக்கு தெரியாது, அப்புறம் எப்படி பதில் சொல்வாரு?

அடுத்தது, "ஒரு வார்த்தைக்கு அர்த்தம்தானே பாக்கறேன்". 2011ல இங்கிலாந்துல லூட்டன் கோர்ட்ல, ஒருத்தர அடிச்சு காயப்படுத்தின வழக்குல நடந்தது இதுதான். ஜூரில இருந்த ஒரு பல்கலைக்கழக லெக்சரர், குற்றச்சாட்டுல வந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தேடினேன், கூட லூட்டன்னு ஊர் பேரையும் போட்டேன், ஒரு பழைய செய்தி வந்துச்சுன்னு சொன்னாங்க. அந்த செய்தில, இங்க குற்றம் சாட்டப்பட்ட அதே ஆள் மேல முன்னாடி ஒரு பாலியல் வழக்கு இருந்தது, அதுல அவர் விடுதலை ஆனவர். இத ஜூரி ரூம்ல சொல்ல, கூட இருந்த ஒருத்தர் கோர்ட்டுக்கு தெரிவிக்க, விசாரணை அப்படியே நின்னுபோச்சு. 2012 ஜனவரில அந்த லெக்சரருக்கு 6 மாசம் ஜெயில். எனக்கு அதவிட மனசு வலிக்கறது, அடிபட்டவர் மறுபடி முதல்ல இருந்து சாட்சி சொல்ல வேண்டி வந்ததுதான்.

பொதுவான ஆராய்ச்சிக் கட்டுரை படிச்சா பரவால்லன்னு நினைக்கறதும் தப்பு. 2022ல ஆஸ்திரேலியாவோட கான்பெராவுல ஒரு பாலியல் வழக்கு, என்ன முடிவு சொல்றதுன்னு ஜூரி அஞ்சு நாளா பேசிட்டு இருந்தாங்க. கோர்ட் ஊழியர் ஒருத்தர் ரூம ஒழுங்குபடுத்தும்போது தெரியாம ஒரு ஜூரரோட ஃபைல் கீழ விழுந்துச்சு, உள்ள அவர் வெளிய இருந்து கொண்டு வந்த ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை. தேடாதீங்கன்னு குறைஞ்சது 17 தடவ எச்சரிச்சிருந்த ஜட்ஜ், அந்த ஜூரியவே கலைச்சிட்டாங்க. மறு விசாரணை நடக்கவே இல்ல, ரெண்டு பக்கத்துக்கும் தீர்ப்புன்னு ஒண்ணு கிடைக்காமலே போச்சு.

மேப்ல சம்பவ இடத்த பாக்கறதும் தேடல்தான். அந்த போட்டோ பகல்ல எடுத்தது, சம்பவம் ராத்திரில நடந்திருக்கலாம், நடுவுல தெருவிளக்கு மாறியிருக்கலாம், மரத்த வெட்டியிருக்கலாம். ஏஐ கிட்ட கேக்கறதும் அப்படித்தான். நான் தேடல, வீட்டுல தேடச் சொன்னேன்னும் தப்பிக்க முடியாது. இங்கிலாந்து, வேல்ஸ்ல 2015 சட்டப்படி நேர்ல போய் இடத்த பாக்கறது, வீட்டுல செஞ்சு பாத்து சோதிக்கறது, வேற ஆள விட்டு விசாரிக்கறது எல்லாமே குற்றம், 2 வருஷம் வரைக்கும் ஜெயில் போடலாம். ஃபேஸ்புக்ல கேஸ் சம்பந்தப்பட்டவங்க கிட்ட பேசவே பேசாதீங்க, 2011ல ஒரு ஜூரருக்கு அதுக்காக 8 மாசம் கொடுத்தாங்க.

சந்தேகம் வந்தா என்ன பண்றதுன்னா, பேப்பர்ல எழுதி கோர்ட் ஊழியர் கிட்ட கொடுங்க, அது ஜட்ஜ் கிட்ட போகும், ரெண்டு பக்க வக்கீல்களுக்கும் தெரிஞ்சே பதில் வரும். சில கேள்விக்கு "இதுக்கு ஆதாரம் இல்ல, இருக்கறத வச்சே முடிவு பண்ணுங்க"ன்னு வரலாம், கடுப்பா இருக்கும், ஆனா அந்த இடைவெளிய நெட்ட வச்சு நிரப்பாதீங்க. குற்றத்த நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு, நீங்க இல்ல.

ஏற்கனவே எதையாவது பாத்துட்டீங்கன்னா, இல்ல ஃபீட்ல தானா வந்து கண்ணுல பட்டுருச்சுன்னா, கூட இருக்கற ஜூரர்ஸ் கிட்ட ஒரு வார்த்தை கூட சொல்லாதீங்க. நீங்க ஒருத்தர் மட்டும் பாத்திருந்தா ஜட்ஜால எதாவது சரி பண்ண வழி இருக்கு, எல்லார் காதுலயும் போட்டுட்டா அந்த வழி அடைஞ்சுடும். மறுநாள் காலைல உள்ள போறதுக்கு முன்னாடியே கோர்ட் ஊழியர் கிட்ட சொல்லிடுங்க.