சம்பளம் பேசுமுன் பதிவேட்டைக் கேளுங்கள்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ தனியார் நிலையமொன்றில் மாலை நேர ஸ்கான் வேலைக்குப் பேசப் போகிற கதிரியல் வைத்திய நிபுணர்கள், 'ஒரு ஸ்கானுக்கு எவ்வளவு?' என்று தொடங்க வேண்டாம். கடந்த மூன்று மாதத்தில் எந்த வகைப் பரிசோதனை எத்தனை நடந்தது என்ற கணக்கை முதலில் கேளுங்கள். எண்ணிக்கை போதும், நோயாளர் பெயர் தேவையில்லை. பெயரோடு தூக்கித் தந்தால் அந்த நிலையத்தைப் பற்றியே கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

காரணம், எல்லா ஸ்கானும் ஒரே வேலை இல்லை. அல்ட்ராசவுண்டுக்கு நீங்களே போய் கருவியைக் கையில் பிடிக்க வேண்டும். எக்ஸ்ரே, சி.ரி. படங்களை ரேடியோகிராபர் எடுத்து அனுப்பினால், நல்ல திரையும் இணைய இணைப்பும் இருக்கும் இடத்திலிருந்தே அறிக்கை எழுதலாம். ஆனால் வயிற்று சி.ரி. ஒன்றில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். நெஞ்சு எக்ஸ்ரேயின் விலைக்கு அதைப் பார்க்க ஒத்துக்கொண்டால் நட்டம் உங்களுக்குத்தான். கணக்கு கையில் இருந்தால் வகைக்கு ஒரு கட்டணம் என்று பேசலாம். அல்ட்ராசவுண்டுகளை வாரத்தில் இரண்டு நாளுக்குள் அடக்கச் சொன்னால் மட்டக்களப்பு–கல்முனை ஓட்டமும் பெற்றோல் செலவும் குறையும்.

புதிதாகத் திறந்த நிலையத்தில் பழைய கணக்கு இருக்காது. அங்கே மூன்று மாதத்துக்கு மட்டும் பேசிவிட்டுப் பிறகு திருத்துங்கள். அரச வைத்தியசாலை நியமனத்துக்கு இந்த வழி சரிவராது, அது சுகாதார அமைச்சின் இடமாற்றப் பட்டியல்படி நடப்பது.