வெண்பன்றிக் கொட்டகையில் தீவனம் வீணாகும் வழிகள்

எடை ஏறவில்லை என்றதும் சந்தேகம் முதலில் தீவன மூட்டையின் மேல்தான் போகும். தரையை யாரும் பார்ப்பதில்லை. 25 கிலோ குட்டி 100 கிலோ ஆக 75 கிலோ ஏற வேண்டும். கிலோ எடைக்கு 3 கிலோ தீவனம் போதும் என்ற இடத்தில் 3.3 கிலோ பிடித்தால், பன்றி ஒன்றுக்கு 22.5 கிலோ தீவனம் கூடுதல் செலவு. காய்ச்சலோ கழிச்சலோ இல்லாத, பார்க்க நன்றாக இருக்கும் பன்றியிலேயே இது நடக்கும்.

அழுக்குத் தரையில் படுத்து அம்மோனியாக் காற்றை இழுக்கும் பன்றிக்கு நோய் எதிர்ப்பு மண்டலம் ஓயாமல் வேலை செய்கிறது. தசையாக வேண்டிய அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தின் அடிப்படைக் கூறுகள், கல்லீரலில் ஹாப்டோகுளோபின் போன்ற அழற்சிப் புரதங்களாக மாறுகின்றன. குடலின் சளிப்படலத்தைப் புதுப்பிக்கத் திரியோனின் என்ற அமினோ அமிலம் கூடுதலாகப் போகிறது. டிரிப்டோபான் என்ற இன்னொன்றும் எதிர்ப்பு வேலைக்குத் திரும்புகிறது. அது குறைந்தால் பசியும் மந்தமாகும்.

இது தெரியாமல் பலர் செய்வது, கடலைப் பிண்ணாக்கையோ சோயாவையோ இன்னும் இரண்டு கை சேர்ப்பது. உடம்பு பயன்படுத்த முடியாத புரதம் யூரியாவாகிச் சிறுநீரில் இறங்கும். சாணத்தில் உள்ள யூரியேஸ் நொதி பட்டதும் அது அம்மோனியாவாகும். காசு கொடுத்து வாங்கிய பிண்ணாக்கு கொட்டகையின் நாற்றத்தைத்தான் கூட்டுகிறது. வளரும் பருவத்துக்கு 16 முதல் 18 சதவீதம், விற்பனைக்கு முந்தைய பருவத்துக்கு 14 முதல் 16 சதவீதம் புரதம் போதும். அமினோ அமிலங்களின் சமநிலைதான் முக்கியம். அவற்றில் ஒன்றான லைசினை மட்டும் ஏற்றுவதில் பயனில்லை.

சாணத்தின் மேலேயே சுண்ணாம்பு தூவுவது இன்னொரு பெரிய தவறு. காரத்தன்மை ஏறியதும் ஈரச் சாணத்தில் அடங்கியிருந்த அம்மோனியா வாயுவாகக் கிளம்பி, பன்றியின் மூக்கு உயரத்திலேயே நிற்கும். பிளீச்சிங் பவுடரும் சாணத்தில் பட்டால் வீரியம் இழக்கும். அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சை எரிக்கும் குளோரமைனும் வரும். முதலில் காய்ந்த சாணத்தைச் சுரண்டி அள்ளுங்கள். 10 லிட்டர் சூடான தண்ணீரில் 400 கிராம் சலவை சோடா கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். தரை முழுக்கக் காய்ந்த பிறகுதான் கிருமிநாசினி. ஒன்றாக வளர்ந்த ஒரு தொகுதிப் பன்றிகள் விற்றுப்போனதும் அறையை ஒரு வாரம் காலியாகப் போடுங்கள். விற்காத இரண்டு பன்றிகளை அங்கேயே விட்டுப் புதுக் குட்டிகளை இறக்கினால் அத்தனை உழைப்பும் வீண்.

சென்னையில் தரை காய்வதே பெரும்பாடு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பன்றியை உள்ளே வைத்தபடி தினமும் ஹோஸ் அடித்தால் தரை ஈரமாகவே கிடக்கும். அந்த நாட்களில் அள்ளுவது முக்கியம், கழுவுவது பிறகு. மீட்டருக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் சரிவு இல்லாத தரையில் எதுவும் வேலைக்காகாது. மே மாதத்தில் பன்றி சாணத்தில் புரண்டால் அது அதன் குணம் என்று விட்டுவிடுகிறார்கள். வியர்க்க முடியாத உடம்பு, ஈரம் தேடுகிறது. இரண்டு நிமிடம் தண்ணீர் தெளித்து, 20 முதல் 30 நிமிடம் காற்றில் உலரவிட்டு, மறுபடி தெளியுங்கள். கடற்கரை ஈரக்காற்றில் இடைவிடாமல் பனிபோல் தெளித்தால் புழுக்கம்தான் கூடும்.

ஹோட்டல், கல்யாண மண்டபக் கழிவு இலவசமாகக் கிடைக்கலாம். ஆனால் அதில் முக்கால் பங்கு தண்ணீர், மீதியில் பெரும்பகுதி சோறு. லைசின் மிகக் குறைவு. கிளறிக்கொண்டே 90 டிகிரியில் ஒரு மணி நேரம் காய்ச்சாமல் கொடுக்கவே கூடாது. 2020இல் இந்தியாவுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்த வழியாகவும் பரவும். தொட்டியில் புளித்த மிச்சத்தின் மேல் புதியதைக் கொட்டுவதும் வேண்டாம்.

அழுக்கைச் சமாளிக்க ஆன்டிபயாட்டிக்கைத் தீவனத்தில் கலப்பது மிக ஆபத்தான பழக்கம். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுக்க இந்தியாவில் 2019இலேயே தடை வந்துவிட்டது.

தீவனத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தி வளரும் இனம் அழுக்கைத் தாங்காது என்றொரு நம்பிக்கையும் உண்டு. பிரான்சில் லார்ஜ் ஒயிட் என்ற வெண்பன்றி இனத்தின் இரண்டு வம்சங்களை அசுத்தமான கொட்டகையில் வளர்த்துப் பார்த்தபோது, தீவனத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் வம்சமே குறைவாகப் பாதிக்கப்பட்டது. ஆகவே குறை கொட்டகையில் இருக்கும்போது இனத்தை மாற்றிப் பயனில்லை.

பன்றி தண்ணீர் குடிக்கும் குழாய் முனையான நிப்பிளையும் பாருங்கள். ஒரு நிமிடம் பாத்திரத்தில் பிடித்தால் வளரும் பன்றிக்கு ஒரு லிட்டராவது வர வேண்டும். பத்துப் பன்றிக்கு ஒரு நிப்பிள். தண்ணீர் குறைந்தால் அன்றே தீவனம் தொட்டியில் மிஞ்சும்.