வேட்டைக்கு ஷூட்டிங் ரெஸ்ட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணா எந்த ரெஸ்ட் (சுடும்போது ரைஃபிளை ஆடாம தாங்கற தாங்கல்) நல்லது, லிங்க் மட்டும் போடுங்க"ன்னு புதுசா ஹண்டிங் லைசென்ஸ் எடுத்த நம்ம பசங்க நிறைய பேர் கேக்குறாங்க. லிங்க் போடுறது பெரிய வேலை இல்ல, ஆனா நீங்க எந்த மாதிரி நிலத்துக்குப் போறீங்க, படுத்து சுடுவீங்களா உக்காந்து சுடுவீங்களா நின்னு சுடுவீங்களான்னு தெரியாம நான் ஒண்ணு சொல்லி, நீங்க 200 டாலர் கொடுத்து வாங்கி, அது வண்டி டிக்கியிலயே கிடந்தா என்ன பிரயோஜனம்? அதனால எதை வாங்கணும்ங்கறதை விட, எங்க தப்பு நடக்குதுன்னு சொல்றேன்.

ஒரு விஷயம் முதல்லயே. இந்தியாவுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை தடை, இது ஊர்ல இருக்கறவங்களுக்கான பதிவு இல்ல. லைசென்ஸ், டேக் (எந்த மிருகத்தை சுடலாம்ங்கற அனுமதிச் சீட்டு) எல்லாம் முறையா எடுத்து வேட்டைக்குப் போற நாடுகள்ல இருக்கறவங்களுக்குத்தான். நான் சொல்ற உதாரணங்கள் முக்கால்வாசி அமெரிக்காவோட மேற்குப் பக்கம், வையோமிங் கொலராடோ மாதிரி இடங்கள், ப்ராங்ஹார்ன் (மான் மாதிரி ஒரு மிருகம்), மியூல் டீர் (ஒரு வகை மான்) இதெல்லாம் திரியற வெட்டவெளி.

ரெஸ்ட் ஏன் இவ்ளோ முக்கியம்னா, ப்ராங்ஹார்ன் சின்ன உடம்பு, அதோட இதயமும் நுரையீரலும் இருக்கற இடம் சுமாரா 8 இஞ்ச் வட்டம்தான். அதுக்குள்ள குண்டு பட்டா நிமிஷத்துல முடிஞ்சிரும். வயித்துல பட்டா அந்த ஜீவன் மணிக்கணக்குல துடிச்சிக்கிட்டு எங்கயோ போய் விழும், சில நேரம் நம்ம கையில கிடைக்கவே கிடைக்காது. அப்படி நடக்கவே கூடாதுன்னு நினைக்கறவங்கதான் இதுக்கு காசு செலவு பண்ணணும்.

சரி விஷயத்துக்கு வரேன். நிறைய பேர் பண்றது, ரேஞ்ச்ல, அதாவது சுட்டுப் பழகற இடத்துல, பெஞ்ச் மேல வச்சு சுடுற ரெஸ்ட்டையும் காட்டுக்கு எடுத்துட்டுப் போற ரெஸ்ட்டையும் ஒண்ணா நினைச்சுக்கறது. கால்டுவெல் லெட் ஸ்லெட் மாதிரி ஐட்டம் ஸ்கோப் ஜீரோ பண்ணறதுக்கு (குறி வச்ச இடத்துலயே குண்டு விழற மாதிரி சரி பண்ண) ரொம்ப வசதி, தோள்பட்டைக்கு உதை ரொம்பக் குறையும், ஆனா அது மேசை மேல உக்கார வேண்டிய சாமான். அதுல "அட்ஜஸ்டபிள்"னு போட்டிருக்கறது உயரத்தை கொஞ்சம் ஏத்தி இறக்கத்தான், கல்லும் புதரும் சரிவுமா இருக்கற எடத்துல அது உதவாது. களத்துக்குன்னா பைபாட் (ரைஃபிள்லயே மாட்டற ரெண்டு கால்), ட்ரைபாட் (மூணு கால்), ஷூட்டிங் ஸ்டிக்ஸ் (தரையில ஊன்றி வைக்கற கம்புகள்) இந்த மூணுக்குள்ளதான் தேடணும்.

அடுத்தது உயரம். என்னைக் கேட்டா காசு வீணாப் போறதுல பாதிக்கு மேல இங்கதான். ரேஞ்ச்ல எல்லார் ரைஃபிள்லயும் 6லேர்ந்து 9 இஞ்ச் வரைக்கும் நீளற ஹாரிஸ் கம்பெனி பைபாட் மாட்டியிருக்கறதைப் பாத்துட்டு அதையே வாங்கிடறாங்க. சிமெண்ட் தரையில படுத்து சுட அது அருமை. வையோமிங்ல செப்டம்பர் மாசம் போய் படுத்துப் பாருங்க, சேஜ்பிரஷ் புதர் முழங்கால் உயரம் நிக்கும், ஸ்கோப் பூரா சாம்பல் கலர் இலைதான் தெரியும். இதுல இன்னொரு ஆபத்து, ஸ்கோப்ல மிருகம் சுத்தமா தெரியும், ஆனா பேரல் ஸ்கோப்பை விட ஒன்றரை ரெண்டு இஞ்ச் கீழ இருக்கில்ல, குண்டு கிளம்பின உடனே முன்னாடி இருக்கற குச்சியில உரசி திசை மாறிடும். சுட்டவருக்கு ஏன் மிஸ் ஆச்சுன்னே புரியாது, ஸ்கோப்பைத் திட்டிட்டு இருப்பாரு.

அந்த மாதிரி நிலத்துல பாதி நேரம் நீங்க உக்காந்துதான் சுடப்போறீங்க. அதுக்கு ஹாரிஸ்லயே 13.5லேர்ந்து 27 இஞ்ச் வரைக்கும் நீளற மாடல் இருக்கு, இல்லன்னா சின்ன ட்ரைபாட். வாங்கறதுக்கு முன்னாடி வீட்டுலயே அளந்து பாருங்க. ரைஃபிள் காலியா இருக்கான்னு சேம்பரை (குண்டு உக்காரற அறை) ரெண்டு தடவ பாத்துட்டு, வேட்டைக்குப் போடற அதே பேண்ட், ஜாக்கெட் போட்டுட்டு தரையில உக்காந்து, முழங்கால் மேல முழங்கைய வச்சு, கழுத்தை வளைக்காம ஸ்கோப்ல கண்ணு வைங்க. இப்ப ஸ்டாக்கோட (ரைஃபிளோட மரம் இல்ல பிளாஸ்டிக் உடம்பு) முன்பக்கம் இருக்கில்ல, ஃபோர்எண்ட், அதோட அடியிலேர்ந்து தரை வரைக்கும் வீட்டம்மாவையோ பிள்ளையையோ டேப் வச்சு அளக்கச் சொல்லுங்க. அந்த நம்பர்தான் உங்க நம்பர், கடைக்காரர் சொல்றது இல்ல. நின்னுட்டும் ஒரு தடவ அளந்து வச்சுக்கோங்க.

அதோட முடியல. சமதரையில எடுத்த அளவு சரிவுல பத்தாது. கீழ் நோக்கி உக்காந்தா முன்னாடி தரை இறங்கிப் போகுது, ரெஸ்ட்டோட கால் கூடுதலா நீளணும். மேட்டுல நிக்கற மானைப் பாத்து சுட்டா முனை மேல ஏறணும், அதுக்கும் உயரம் வேணும். அதனால உங்க அளவுக்கு மேல ஒரு நாலஞ்சு இஞ்ச் மிச்சம் இருக்கற மாதிரி பாத்து வாங்குங்க, ஏன்னா காலை கடைசி வரைக்கும் முழுசா இழுத்து வச்சா எந்த ட்ரைபாடும் ஆட ஆரம்பிக்கும். நடு கம்பத்தை மேல ஏத்தி உயரத்தை சமாளிக்கற மாடல்களை நான் சிபாரிசு பண்ணவே மாட்டேன், அங்கதான் எல்லா ஆட்டமும் சேரும்.

இதுவே நமீபியா, தென்னாப்பிரிக்கா பக்கம் போறவங்களுக்கு கதை வேற, அங்க புல்லும் முள்ளுப் புதரும் உசரம், பெரும்பாலும் நின்னுட்டே மூணு கால் ஸ்டிக்ஸ் மேல வச்சு சுடணும், கூட வர்ற ப்ரொஃபெஷனல் ஹண்டரே ஸ்டிக்ஸை தூக்கிட்டு வந்து நட்டு வைப்பாரு. ஸ்காட்லாந்து மலையில செம்மான் வேட்டைன்னா ஹெதர் செடிக்கு நடுவுல ஊர்ந்து போய் படுத்து சுடறது. ஒரே ரெஸ்ட் மூணு இடத்துக்கும் ஆகாது. யூடியூப்ல யாரோ ஆப்பிரிக்காவுல யூஸ் பண்ணதைப் பாத்து கொலராடோவுக்கு வாங்கிடாதீங்க.

இப்ப ரொம்ப பேர் யோசிக்கவே யோசிக்காத ஒண்ணு, பின்பக்கம். ரெஸ்ட்னா முன்னாடி தாங்கறதுன்னு மட்டும் நினைக்கறாங்க. நின்னுட்டு ட்ரைபாட் மேல ஃபோர்எண்டை வச்சு ஸ்கோப்ல பாருங்க, முன்னாடி ஆணி அடிச்ச மாதிரி நிக்கும், ஆனா க்ராஸ்ஹேர் (ஸ்கோப்புக்குள்ள தெரியற குறிக்கோடு) மெதுவா வட்டம் போடும். ஏன்னா தோள்ல இருக்கற பட், அதாவது ஸ்டாக்கோட பின்முனை, காத்துல தொங்குது, நீங்க மூச்சு விடும்போதெல்லாம் அது நகருது. முன்பக்கம் அசையாம இருக்கறதால பின்பக்கம் கொஞ்சம் ஆடினாலே அங்க தூரத்துல அது பெருசாத் தெரியும். இதுக்காகத்தான் நாலு கால் ஸ்டிக்ஸ் வந்துச்சு, வைப்பர் ஃப்ளெக்ஸ் மாதிரி, முன்னாடி ஒரு தாங்கல் பின்னாடி ஒரு தாங்கல். ரெண்டு பக்கமும் பிடிச்சதும் நின்னுட்டு சுடறதே வேற லெவலாயிடும். அது இல்லன்னாலும் பரவால்ல, ட்ரைபாட் கூட ஒரு ட்ரெக்கிங் கம்பை வலது அக்குளுக்குக் கீழ முட்டுக் கொடுங்க, இல்ல உக்காந்து சுட்டா மடியில பேக்பேக்கை வச்சு அது மேல முழங்கைய வைங்க. படுத்து சுட்டா பட்டுக்குக் கீழ மடிச்ச க்ளவுஸ் போதும். ரெஸ்ட் பாக்கும்போது "இதோட பின்பக்கத்துக்கு நான் என்ன பண்ணப்போறேன்"ங்கறதையும் சேத்து யோசிங்க.

போக் டெத்க்ரிப் மாதிரி ரைஃபிளை அப்படியே கவ்விப் பிடிக்கற ட்ரைபாடும் இந்தப் பிரச்சனைக்கு ஒரு பதில்தான். டெக்சாஸ்ல பிளைண்டுக்குள்ள (மறைஞ்சு உக்காரற கூடாரம்) நாற்காலி போட்டு உக்காந்து காத்திருக்கறவங்களுக்கு, பிள்ளைங்களுக்கு முதல் தடவ சொல்லிக் கொடுக்கறவங்களுக்கு இதை தாராளமா சொல்வேன். ஆனா அலுமினியம் மாடல் நாலு கிலோவுக்கு மேல, 8000 அடி உயரத்துல மூச்சு வாங்க நடக்கறப்ப அது ஏற்கனவே தோள்ல இருக்கற ரைஃபிளோட இன்னொரு ரைஃபிள் கனம். அப்புறம் க்ளாம்ப் பிடிச்சிருக்குன்னு கையை எடுத்துட்டு லேசா தொட்டு சுடாதீங்க, ரீகாயில் (சுட்டதும் வர்ற உதை) வரும்போது ரைஃபிள் ட்ரைபாடோட சேந்து பின்னாடி எகிறும், ஸ்கோப் புருவத்தை வெட்டிடும். தோள்ல இறுக்கமாத்தான் பிடிக்கணும்.

வேகமும் சத்தமும் பத்தி ஷோரூம்ல யாரும் யோசிக்க மாட்டாங்க. மேட்டைத் தாண்டி மான் வந்து நின்னா உங்களுக்குக் கிடைக்கறது சில செகண்டுதான், அதுக்குள்ள மூணு காலுக்கும் ட்விஸ்ட் லாக்கை திருகித் திருகி நீட்டிட்டு இருந்தா அது போயே போயிரும். ப்ரைமோஸ் ட்ரிகர் ஸ்டிக் ஒரு கையால விசைய அமுக்கினா கால் மொத்தமா இறங்கும், வேகத்துக்கு அதை அடிச்சுக்க முடியாது, ஆனா அழுத்தினா கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும், கனமான ட்ரைபாட் அளவுக்கு உறுதி எதிர்பாக்காதீங்க. லீவரை மடக்கிப் பூட்டற லீவர் லாக் இது ரெண்டுக்கும் நடுவுல, வேகமும் ஓகே உறுதியும் ஓகே, ஆனா சில மாடல்ல "டக்"னு ஒரு சத்தம் வரும் பாருங்க, காலை நேரம் காத்தில்லாம இருந்தா மான் காதுக்கு அது நல்லாவே போகும். கடையில க்ளவுஸ் போட்டுட்டு திறந்து மூடிப் பாருங்க. பாதி நீட்டின நிலையில ரெண்டு கையாலயும் மேலேர்ந்து அழுத்துங்க, கால் கொஞ்சமாவது உள்ள இறங்கினா வேண்டாம், விட்டுடுங்க. அலுமினியம் கால் குளிர்ல கையைக் கடிக்கும், ஒண்ணோட ஒண்ணு உரசி சத்தம் போடும், துணி டேப் சுத்திக்கலாம், கார்பன் ஃபைபர் வாங்க முடிஞ்சா இந்தத் தொல்லை குறைவு, விலைதான் ஜாஸ்தி.

மாட்டற இடம். உங்க ரைஃபிள்ல ஸ்லிங் மாட்டற ஸ்டட் மட்டும் இருக்கா, பிகாட்டினி ரெயில் இருக்கா, எம்லாக் ஓட்டை இருக்கா, இல்ல ஆர்கா ரெயிலான்னு (இதெல்லாம் ரெஸ்ட்டை மாட்டற வெவ்வேறு அமைப்பு) பாக்காமலே ஆர்டர் பண்ணிட்டு அப்புறம் அடாப்டர் மேல அடாப்டர் வாங்கறாங்க, ஒவ்வொரு அடாப்டரும் ஒரு ஆட்டம் சேக்கும். விலை கம்மியான பிளாஸ்டிக் ஸ்டாக்ல இன்னொரு சிக்கல், பைபாட் மேல சாய்ஞ்சு அழுத்தினா ஃபோர்எண்ட் வளைஞ்சு பேரலைத் தொட்டுடும், குண்டு விழற இடம் மாறிடும். பைபாட் மாட்டி நல்லா அழுத்திக்கிட்டே பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவுல ஒரு டாலர் நோட்டை விட்டு இழுத்துப் பாருங்க, சிக்காம வந்தா சரி. பேரலையே நேரா ரெஸ்ட் மேல வைக்கறதோ, சொல்லவே வேண்டாம், சுடும்போது பேரல் அதிரணும், அதைத் தடுத்தா குண்டு வேற எங்கயோ போகும். ஃபோர்எண்ட்தான் உக்காரணும்.

சாய்வு சரி பண்ற வசதி இல்லாத பைபாடை மலைக்கு வாங்காதீங்க. ஒரு கால் கல்லு மேல, ஒரு கால் குழியில இருந்தா ரைஃபிள் ஒரு பக்கமா சாயும், அதோட சுட்டா குண்டு சாய்ஞ்ச பக்கமும் கொஞ்சம் கீழயும் போகும். கிட்டத்துல சின்ன சாய்வுன்னா அந்த விலகல் கம்மிதான், அதைப் பொறுத்துக்கலாம். தூரம் கூடக் கூட அதே சாய்வு விலகலைப் பெருசாக்கிடும், குண்டு 8 இஞ்ச் வட்டத்துக்கு வெளியவே போயிடலாம். ஹாரிஸ்ல பேருக்குள்ள எஸ் எழுத்து இருக்கற மாடல்கள் பக்கவாட்டுல சாயும், கொஞ்ச காசுதான் கூட. ட்ரைபாட்னா பால்ஹெட்டோ லெவலிங் ஹெட்டோ (சாய்வை சரி பண்ற தலைப்பகுதி) இருக்கணும், வெறும் வி யோக்கா (வி வடிவத் தாங்கல்) இருந்தா அது சுத்தி வர்றதான்னு பாருங்க, மான் நடந்துட்டு இருந்தா கூடவே திரும்பணும்.

வாங்கினதை சீசனுக்கு ஒரு வாரம் முன்னாடி பிரிக்காதீங்க. ஜூலையிலயே வாங்குங்க, சரியில்லன்னா திருப்பிக் கொடுக்க நாள் இருக்கும். நிறைய ரேஞ்ச்ல பெஞ்சைத் தவிர வேற எப்படியும் சுட விடமாட்டாங்க, மேற்குப் பக்கம் இருக்கறவங்க சுடத் தடை போடாத பிஎல்எம் (அமெரிக்க மத்திய அரசோட நிலத் துறை) பொது நிலத்துல, பின்னாடி நல்ல மண்மேடு இருக்கற இடமா பாத்துப் போகலாம். 8 இஞ்ச் பேப்பர் ப்ளேட்டை வச்சு, களத்துல எப்படி உக்காருவீங்களோ அப்படியே உக்காந்து, அதே ரெஸ்ட்ல 100 யார்டுலேர்ந்து ஆரம்பிச்சு தள்ளித் தள்ளிப் போய் சுடுங்க. எந்த தூரத்துல ஒரு குண்டு ப்ளேட்டுக்கு வெளிய போகுதோ, அதுக்கு முந்தின தூரம்தான் அந்த ரெஸ்ட்டோட உங்க எல்லை. பெஞ்ச்ல 400 யார்டு அடிக்கறவங்க உக்காந்து சுட்டா 200ல நின்னுடறது சகஜம். அந்த நம்பரை ஸ்டாக்ல டேப் ஒட்டி எழுதி வச்சுக்கிட்டுப் போங்க, அதுக்கு மேல நிக்கற மானுக்கு கிட்டப் போகத்தான் வழி பாக்கணும்.